எட்டுக்கால் எறும்பு

அடையாறு, காந்தி நகர்
9 ஜூன் 2024, ஞாயிறு

லூயிசா,

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸப்பில் நான் அனுப்புகிற எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்கோடு சரி. காஷிஃப் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மீ, ஆண்ட்டி உங்களை பிளாக் பண்ணிட்டாங்க" என்று சிரிக்கிறான். பெற்ற பிள்ளைக்கே நான் வேடிக்கையாகிவிட்டேன். அதனால்தான் போஸ்ட் ஆபீஸ் போய் உறை வாங்கிவந்து எழுதுகிறேன். இங்கிருந்து சாந்தோம் நாலு கிலோமீட்டர்தான். கடிதம் போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். நடந்தே வந்து கொடுத்துவிடலாம். நீ கதவைத் திறக்க மாட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "எறும்பு எங்கடி?" என்று கத்தியபோது, உங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவைப் பற்றிப் பேசுகிறாய் என்றே நினைத்தேன். உங்கள் ஹாலில் மாட்டியிருக்கிற பூச்சித் தாளைப் பற்றி என்று புரிவதற்குள் போனை வைத்துவிட்டாய்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மிக்ஜாம் புயலில் உங்கள் சுவர் ஊறி, தாளெல்லாம் பூஞ்சை பிடித்து, ஜனவரியில் நீதானே அதை ஒரு குழந்தையைத் தூக்கிவருவதுபோல என் மேசைக்குக் கொண்டுவந்தாய். பழைய தாள்களைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் நானூறு வருடத்துக்கு மேல் வயதான ஒரு செப்புத் தகட்டு அச்சு என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நாலு மாதம் அதோடு வாழ்ந்தேன். நடுவில் பேரிக்காய். சுற்றிலும் காட்டு ரோஜா, பட்டாணி நெற்று, கம்பளிப்புழு, தவளை. நத்தையும் சுண்டெலியும் ஒரே பருமன். தும்பிக்குக் கீழே அதன் நிழலைக்கூடச் செதுக்கியிருக்கிறார் அந்த மனிதர். பல நாள் காலையில் மேசைக்கு வந்ததும் அந்தத் தும்பியை ஊதிப் பறக்கவிடப் பார்த்திருக்கிறேன்.

அச்சு மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. பஞ்சை நனைத்து ஓரமாகத் தடவிக்கொண்டே வந்தபோது எல்லாப் பூச்சியும் அப்படியே இருந்தன, வலதுகோடி மூலையில் இருந்த எறும்பு மட்டும் கரையத் தொடங்கியது. உற்றுப் பார்த்தேன். பேனா மை. யாரோ பின்னால் கிறுக்கியது. அதற்கு எட்டுக் கால் வேறு! எடுத்துவிட்டேன். தகட்டிலிருந்து அன்றைக்கு வந்த மாதிரியே உன் கையில் கொடுத்தேன். இதில் என்ன தப்பு?

நீயே சொல். இந்தத் தாளில் நத்தை ஓடு இடப்பக்கமாகச் சுற்றுகிறது என்று கல்லூரி முதல் வருடத்திலேயே கண்டுபிடித்தவள் நீ. செதுக்கியவர் நத்தையைப் பார்த்தபடியே தகட்டில் செதுக்கிவிட்டார், அச்சடித்தால் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்பதை மறந்துவிட்டார் என்று எங்களுக்கெல்லாம் பாடமே எடுத்தாய். நத்தையின் சுழியைப் பிடித்த கண்ணுக்கு எறும்பின் எட்டுக் கால் தெரியவில்லையா, பயாலஜி டீச்சர்?

உன் மம்மி எப்படி இருக்கிறார்?

ஜஹான்


சாந்தோம், மயிலாப்பூர்
15 ஜூன் 2024

ஜஹனாரா,

கடிதம் வந்தது. "யாரோ கிறுக்கியது" என்று எழுதியிருக்கிறாய். யாரோ இல்லை. ஆஸ்டின்.

எங்கள் ஹாலில் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் ஒரு பையன் போட்டோ இருக்கிறதே, சர்ச்சில் முதல் நன்மை வாங்கிய அன்றைக்கு எடுத்தது, அவன்தான். என் தம்பி. ஏழு வயதில் டைபாய்டில் போனான். எனக்கு அப்போது பதினொன்று. இதெல்லாம் உனக்குத் தெரியும். எறும்பைப் பற்றி எனக்கே தெரியாது. மம்மி ஒருத்தருக்குத்தான் தெரியும். நாற்பத்தைந்து வருடமாக வாயைத் திறக்கவில்லை.

நீ தாளைக் கொடுத்த அன்றைக்கே மம்மி அதை மறுபடி மாட்டச் சொன்னார். தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதற்கு எதிரே நாற்காலியில் உட்காருவது அவர் வழக்கம். ஏதோ ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அந்த மூலையை விரலால் தொட்டுத் தேடினார். கண் மங்கிவிட்டது என்று முதலில் நினைத்தாராம். பத்து நாள் கழித்துத்தான் என்னைக் கூப்பிட்டு, "எறும்பு எங்கடி?" என்று கேட்டார். நான் உன்னைக் கேட்டது அதையேதான்.

அப்புறம் சொன்னார். ஒரு நாள் ஆஸ்டின் வீட்டுக்குள் பந்து விளையாடி அந்தப் படத்தின் கண்ணாடியை உடைத்துவிட்டான். அப்பா சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக் கண்ணாடி போட லஸ் கடைத்தெருவுக்குப் போனார். இரண்டு நாள் தாள் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. அப்பா பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் முட்டி போட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு இவன் வரைந்துகொண்டிருந்தானாம். மம்மி பார்த்துவிட்டார்.

"அடப்பாவி, என்னடா பண்றே?"

"மம்மி, இதுல எறும்பே இல்ல. பேரிக்கா இருந்தா எறும்பு வராதா?"

"அதுக்கு ஏன்டா எட்டுக் காலு?"

"வேகமாப் போகுது மம்மி."

"பேரிக்காய விட்டுட்டு வெளியே போகுதே, எங்க போகுது?"

"போயி எல்லாரையும் கூட்டிக்கினு வரும்."

காஸ்பர் வாத்தியாருக்கு, அதாவது அப்பாவுக்கு, தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அப்பாவின் கை எப்படிப்பட்டது என்று எனக்கும் தெரியும். அதனால் மம்மியும் பையனும் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டு மாட்டினார், கவனிக்கவே இல்லை. இரண்டு மாதத்தில் ஆஸ்டின் போய்விட்டான். அந்தத் தாளுக்கு எதிரேதான் அவன் கட்டிலைப் போட்டிருந்தோம்.

எட்டுக் கால் எனக்குத் தெரியவில்லையா என்று கேட்டாய். தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் பூச்சிக்கு ஆறு கால் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அதன் கீழேதான் காபி குடித்தேன். போதுமா?

ஒரு போன் செய்திருந்தால் போதும், ஜஹனாரா. "இதில் ஒரு எறும்பு இருக்கிறது, எடுக்கட்டுமா?" ஐந்து வார்த்தை.

இனி எழுதாதே.

லூயிசா


அடையாறு
19 ஜூன் 2024

லூயிசா,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் போடு.

கேட்காமல் எதையும் எடுக்காதே என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் சேர்த்துக்கொள்கிற புதுப் பெண்களுக்கு அதைச் சொல்லாத நாள் கிடையாது. ஊருக்கு உபதேசம்! எட்டுக் காலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்தால் நான் முதலில் உனக்குத்தானே போன் செய்வேன்? அன்றைக்குப் போனைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? தாளை முழுசாகத் துடைத்து, புதுசாகப் பிறந்த மாதிரி உன் கண்முன் நீட்டி, நீ வாயைப் பிளப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். கர்வம்தான், வேறொன்றும் இல்லை. யா அல்லாஹ், ஒரு குழந்தையின் கையெழுத்தைப் பஞ்சால் துடைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் உன்னை டீச்சர் என்று குத்திக் காட்டினேன். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பக்ரீத். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருடத்திலிருந்து உங்கள் வீட்டு டிபன் கேரியரில்தான் மம்மிக்கு பிரியாணி போகும், கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் நிரம்பித் திரும்பிவரும். இந்த வருடம் கேரியரைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தேன். நிரப்பவும் செய்தேன். காஷிஃப் வண்டியை எடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருப்பி அனுப்பிவிடுவாயோ என்று பயம்.

அன்றைக்கு ஒரு கனவு வந்தது. உங்கள் தாள் என் மேசைமேல் வெறுமையாகக் கிடக்கிறது. எல்லாம் இறங்கிப் போய்விட்டன. தேடிக்கொண்டு வெளியே வருகிறேன். ஆற்றுப் பாலத்தின் நடைபாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன: முன்னால் சுண்டெலி, அப்புறம் தவளை, கம்பளிப்புழு. பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்காமல் நிற்கிறது. கடைசியாக நத்தை. அதைக் கேட்கிறேன், எல்லாரும் எங்கே போகிறீர்கள் என்று. அது ஊர்ந்துகொண்டே போகிறது. தும்பி மட்டும் ஆற்றின்மேல் நிழலோடு பறந்துகொண்டிருந்தது. விழித்த பிறகுதான், நீ எழுதியிருந்தாயே, பையன் சொன்னானே, "எல்லாரையும் கூட்டிக்கினு வரும்" என்று, அது ஞாபகம் வந்தது. விடிகாலை பஜ்ரு தொழுகை வரைக்கும் அழுதுகொண்டிருந்தேன்.

மன்னிப்பு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. மம்மி சாப்பிடுகிறாரா என்று மட்டும் ஒரு கார்டு போடு.

ஜஹான்


சாந்தோம்
2 ஜூலை 2024

ஜஹனாரா,

சாப்பிடவில்லை. இரண்டு ஸ்பூன் கஞ்சி, அதோடு போதும் என்கிறார். டாக்டர் வந்து பார்த்தார், உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்.

மத்தியானம் முழுக்க அந்த மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடல் காற்று வந்து திரைச்சீலை ஆடும்போது கண் செருகும். பாதித் தூக்கத்தில் பேசுகிறார். "தும்பி ஜன்னல்ல வந்து ஒக்காந்திருக்குடி, வெரட்டாதே" என்றார் ஒரு நாள். நேற்று, "நத்தை கொஞ்சம் நவுந்திருக்கு" என்றார். நானும் போய்ப் பார்த்தேன், நகர்ந்த மாதிரிதான் இருந்தது. இந்த வீட்டில் இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஸ்கூலில் ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எறும்பு போட்டேன். கால் போட்டுக்கொண்டே போனேன். "மிஸ், எட்டு ஆயிடுச்சு" என்று ஒரு பெண் எழுந்து சொன்னாள். அப்படியே சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சுத்தம் செய்வதற்கு முன்னால் நீ எடுத்த போட்டோ என் மெயிலில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். மம்மி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது போட்டோ. போட்டோ அவனோடதே செவுத்துல இருக்கு. அவன் கையி பட்டது எங்கே?"

எனக்குக் கோபம் உன்மேலா மம்மிமேலா என்றே தெரியவில்லை. தம்பி போன வீட்டில் நானும் இருந்தேன். எனக்கும் அந்த எறும்பில் பாதி கொடுத்திருக்கலாம். "ஏன் மம்மி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "ஒனக்கு சொன்னா நீ காலை எண்ணுவே" என்றார். உண்மைதானே.

இதைக் கேட்க எனக்கு வெட்கம்தான். ஆனாலும் கேட்கிறேன். அந்த எறும்பை மறுபடி வரைந்து கொடு. போட்டோ உன்னிடம் இருக்கிறது, அந்தப் பேனாவும் என்னிடம் இருக்கிறது. உன் கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எப்படியோ திரும்பிவந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அது பாவமென்றால் என் கணக்கில் இருக்கட்டும், பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை தாளை அனுப்பட்டுமா?

லூயிசா


அடையாறு
9 ஜூலை 2024

லூயிசா,

தாளை அனுப்பாதே.

வரைந்து பார்த்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து அதுதான் வேலை. போட்டோவைப் பெரிதாக்கி முன்னால் வைத்துக்கொண்டு, வேறு தாளில், அறுபது எழுபது எறும்பு வரைந்திருப்பேன். எல்லாம் படித்த எறும்பு. எட்டுக் கால் போட்டாலும் அளவெடுத்த மாதிரி நிற்கிறது. அவன் வரைந்ததில் மூன்றாவது கால் உடம்பைத் தொடவே இல்லை. நானும் தொடாமல் போட்டேன். ஆனால் என்னுடையது தொடாமல் போட்டது, அவனுடையது தொடாமல் போனது. இடது கையால் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். ஏழு வயதுக் கை எனக்கு எங்கிருந்து வரும்? அவன் அதை அவசரமாக ஓடவிட்டிருக்கிறான், லூயிசா. அப்பா வருவதற்குள் முடிக்க வேண்டுமே. எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

போட முடிந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். மம்மி கண்டுபிடித்தால் உன் முகத்தில் விழிக்க மாட்டார். கண்டுபிடிக்காமல் தினமும் என் எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அது அதைவிடக் கொடுமை.

இப்போது நிதானமாகப் படி. நேற்று என் வேலை நோட்டைப் புரட்டினேன். எந்தத் தாளில் எந்தத் தேதியில் என்ன செய்தேன் என்று ஒரு வரி விடாமல் எழுதிவைப்பது என் வழக்கம், நீகூடக் கேலி செய்வாய். ஏப்ரல் 18: "வலதுகோடி மூலை, எறும்பு. முதலில் ஈரப் பஞ்சு ஒற்றி, மை உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர் துண்டு வைத்து அழுத்தியதில் முதல் தடவையே முழுதாக அதில் ஏறிவிட்டது. மிச்சக் கறை பஞ்சில்." ஏறிவிட்டது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், மரமண்டை! மை எங்கே போகும்? தாளைவிட்டுப் போனது, உலகத்தை விட்டா போயிற்று?

அந்தத் துண்டை நான் எறியவில்லை. எறிய மனசு வராத கஞ்சம் நான். தாளை உனக்குக் கொடுத்த அன்றைக்குப் புது பிளாட்டிங் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. காய்ந்த பழைய துண்டுகளையே சுத்தமான பக்கம் தாள்மேல் படும்படி, நாலு மூலைக்கும் மெத்தையாக வைத்து அட்டை உறையில் போட்டேன். அதுவும் நோட்டில் இருக்கிறது. அந்த உறையோடுதான் நீ தாளை எடுத்துப்போனாய்.

உறையை என்ன செய்தாய்? அதில் நாலு துண்டு இருக்க வேண்டும், உள்ளங்கை அகலம். கிடைத்தால் துடைக்காதே, வெயிலில் வைக்காதே, மம்மியிடம் முன்கூட்டிச் சொல்லாதே. கிடைக்காவிட்டால்... அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கிற ரோட்டில் தபால்காரர்களும் சீக்கிரம் வந்துவிடுவார்களாக, ஆமீன்.

ஜஹான்


சாந்தோம்
14 ஜூலை 2024, ஞாயிறு

ஜஹான்,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அட்டை உறை பீரோவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. திறந்தால் உள்ளே மூன்று துண்டுதான். பூஞ்சைக் கறை, துருக் கறை, வேறொன்றும் இல்லை. நாலாவது இல்லை.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. ஜூன் முதல் வாரம் ஸ்கூல் திறப்பதற்குமுன் பிள்ளைகளுக்குக் காட்டப் பூக்களை அழுத்திவைத்தேன். நல்ல பிளாட்டிங் பேப்பராக இருக்கிறதே என்று உன் உறையிலிருந்து ஒரு துண்டை உருவினேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ கேட்காமல் எடுத்தாய் என்று நான் உன்னைத் திட்டிய அதே வாரத்தில், ஜஹான், அதை நான் ஸ்கூல் லேபில் பழைய டெலிபோன் டைரக்டரிக்கு நடுவே வைத்திருக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை, லீவு. வாட்ச்மேனைக் கெஞ்சி லேபைத் திறக்கவைத்தேன். டைரக்டரியைப் பிரித்தேன். ஒரு பூவரசம்பூ, காய்ந்து தாளோடு ஒட்டியிருந்தது. அதன் மஞ்சள் சுற்றிலும் ஊறிப் படர்ந்திருந்தது. பூவை மெல்ல எடுத்துத் துண்டைத் திருப்பினேன். வெளுத்துப்போயிருந்தது, கொஞ்சம் கசிந்தும் இருந்தது. ஆனால் அவன்தான். மூன்றாவது கால் உடம்பைத் தொடவில்லை. பூவரசம்பூவின் மஞ்சள் இந்தப் பக்கமும் இறங்கியிருந்தது, அதன் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தான். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அதை மடியில் வைத்து, ரெண்டு கையாலும் மூடிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "பிரசாதமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

மம்மி மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். எழுப்பவில்லை. தாளைச் சுவரிலிருந்து இறக்கி அவர் மடியருகே வைத்து, துண்டை அதன் வலப்பக்கம் சேர்த்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நத்தைக்கு நேர்ந்ததுதான் அவனுக்கும் நேர்ந்திருக்கிறது. அழுத்தி எடுத்ததில் திரும்பிவிட்டான். தாளில் வெளியே பார்த்துப் போய்க்கொண்டிருந்தவன், இப்போது பேரிக்காயைப் பார்த்து உள்ளே வருகிறான்.

மம்மி கண் விழித்தார். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன்டா, எவ்ளோ நேரம்டா?" என்றார். அவனைத்தான். அதட்டுகிற குரல், நான் அந்தக் குரலைக் கேட்டு நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "எல்லாரையும் கூட்டிக்கினு வரேன்னு போனான். தனியா வந்து நிக்கிறான் பாரு" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். ஆஸ்டினுக்காக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது நேற்றுத்தான்.

சாயந்திரம் இட்லி கேட்டார். மூன்று சாப்பிட்டார்.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் கேட்டார், "ஜஹான் எங்கடி? பக்ரீத்துக்கு கேரியரே வரலியே?" நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், உன்னைத் திட்டியது, பிளாக் செய்தது, எல்லாம். மம்மி எறும்பைப் பார்த்தார்.

"அவன் கூட்டிக்கினு வர்றேன்னது இவளையும்தான்" என்றார். "கூப்புடு."

அடுத்த ஞாயிறு மத்தியானம் வா. வரும்போது கேரியரைக் காலியாகக் கொண்டுவராதே.

லூயிசா